அம்மன் பாட்டும் அதே குரல்தான்!

நான் முப்பத்தேழு வயதுக் குடும்பத்தலைவி. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. வாராவாரம் இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவள். ஆனால் இதுவரை ஒரு கார்டு கூட எழுதிப் போட்டதில்லை. இப்போது எழுத வைத்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, நகைச் சண்டை இல்லை. ஒரு பாட்டுக்காரியால் வந்த சண்டை! யார் என்கிறீர்களா? பின்னணிப் பாடகி எல்.ஆர்.ஈஸ்வரி அம்மாதான்.

என் மூத்த மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நன்றாகப் பாடுவாள். (காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நினைக்க வேண்டாம். தெருவே சொல்கிறது.) பங்குனித் திருவிழாவில் எங்கள் அம்மன் கோயில் மேடையில் ஈஸ்வரி அம்மாவின் மாரியம்மன் பாட்டு ஒன்றைப் பாடினாள். கூட்டத்தில் ரெண்டு பொம்பளைகளுக்கு அருளே வந்துவிட்டது. என் மாமியாருக்குக் கண்ணெல்லாம் தண்ணி. வீட்டுக்கு வந்ததும் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுக் கண்ணேறு கழித்தார்.

அன்றைக்கு மேடையில் வாசித்த இன்னிசைக் குழுக்காரர் மறுவாரம் வீடு தேடி வந்தார். "ஆடி மாசம் முளைப்பாரித் திருவிழாவுக்குப் பக்கத்து ஊர்ல நம்ம கச்சேரி இருக்கும்மா. பாப்பா ரெண்டு பாட்டுப் பாடட்டும். ஒண்ணு அம்மன் பாட்டு, இன்னொண்ணு பழைய சினிமாப் பாட்டு. ரெண்டும் ஈஸ்வரி பாட்டாவே இருக்கட்டும்" என்றார். சினிமாப் பாட்டு எது தெரியுமா? 'பணமா பாசமா' படத்தில் வருகிற இலந்தைப்பழப் பாட்டு!

அவர் வாசல் தாண்டுகிற வரைக்கும்தான் என் மாமியார் பேசாமல் இருந்தார். அப்புறம் பிடித்துக்கொண்டார். "அம்மன் பாட்டுப் பாடுன வாயால அந்தக் கருமத்தைப் பாடுறதா? வயசுக்கு வந்த புள்ளைய மேடையில நிறுத்தி, கண்டவன் விசில் அடிக்கிறதை நாம கேக்கணுமா?" மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தோரு நாள் படகு கடலுக்குப் போகாது. ஆகையால் என் வீட்டுக்காரரும் வீட்டில்தான் இருந்தார். அவர் ஆத்தா பேச்சைத் தட்டமாட்டார். "அம்மன் பாட்டு மட்டும் பாடட்டும், மத்தது வேணாம்" என்று முடித்துவிட்டார்.

என் மகள் விடவில்லை. "அப்பத்தா, ரெண்டையும் பாடினது ஒரே ஆளுதான்!" என்றாள்.

மாமியார் சிரித்தார். "போடி இவளே. மாரியாத்தாளுக்குப் பாடுற அந்த அம்மா நெத்தி நெறையப் பொட்டு வச்சிருக்கும். அதுவா இதைப் பாடும்?"

"அப்பத்தா, அந்த அம்மா பொறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்துல!"

அவ்வளவுதான். மாமியார் என்னைப் பார்த்தார், "உன் மக என்னென்னமோ சொல்றா, நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற" என்பது போல. எனக்கு உள்ளுக்குள்ளே எங்கோ ஒரு பழைய இடத்தில் சுருக்கென்றது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஈஸ்வரி அம்மா கதை. மகள் செல்போனில் தேடிக் காட்டியதும், நான் பழைய புத்தகங்களில் வாசித்ததும், என் அம்மா ரேடியோவில் கேட்டதைச் சொல்லிச் சொல்லி என் தலையில் ஏற்றியதும் சேர்ந்தது இது.

1939-ஆம் வருஷம் டிசம்பர் 7-ந் தேதி சென்னையில் பிறந்தவர். பூர்வீகம் பரமக்குடிப் பக்கம் இளையான்குடி என்கிறார்கள். அப்போது அதெல்லாம் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. ஆக எங்கள் சீமைப் பெண் என்று நாங்கள் உரிமை கொண்டாடலாம்! பெயர் லூர்துமேரி ராஜேஸ்வரி. பாருங்களேன், மாதா பெயரும் அம்பாள் பெயரும் பிறவியிலேயே சேர்ந்து வந்திருக்கிறது. அப்பாவைச் சின்ன வயசிலேயே இழந்துவிட்டார். அம்மா நிர்மலா ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடித்தான் பிள்ளைகளை வளர்த்தார். கோரஸ் என்றால் தெரியும் அல்லவா, முன்னால் ஒருவர் பாட, பின்னால் கூட்டமாக நின்று "ஆ... ஆ..." என்று சேர்ந்து பாடுவார்களே, அது. பெயர் போடமாட்டார்கள். கூலியும் கொஞ்சம்தான். அம்மா கூடவே போய் நின்ற பிள்ளைக்கும் அந்த வரிசையிலேயே இடம் கிடைத்தது. 1954-ல் வந்த 'மனோகரா' படத்திலேயே கோரஸில் பாடியிருக்கிறார். என் மகள் வயசுதான் இருக்கும் அப்போது.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் இப்போது மாதிரி இல்லையாம். வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும், பாடுகிறவர், கோரஸ் எல்லாம் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். எவராவது ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. கோரஸ் பெண்ணால் ஒரு பாட்டு நின்றால் எத்தனை கண் அவளை முறைக்கும்! அப்படி நின்று பழகியவருக்கு 1958-ல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் தனியாகப் பாட வாய்ப்புக் கொடுத்தார் இசையமைப்பாளர் கே.வி.மகாதேவன். ஏற்கெனவே எம்.எஸ்.ராஜேஸ்வரி என்று ஒருவர் பாடிக்கொண்டிருந்ததால், ராஜேஸ்வரி குறுகி எல்.ஆர்.ஈஸ்வரி ஆனது.

மூன்று வருஷம் பெரிய பேச்சில்லை. 1961-ல் வந்தது 'பாசமலர்'. விசுவநாதன்-ராமமூர்த்தி இசையில், மணப்பெண்ணைத் தோழிகள் அழைத்து வருகிற அந்தப் பாட்டு. அது எந்தப் பாட்டு என்று நான் எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பாட்டுப் போடாத கல்யாண வீடு உண்டா? என் அம்மாச்சி கல்யாணம் 1962-ல் தனுஷ்கோடியில் நடந்தது. அப்போது அது ஊர். ரயிலும் கப்பலும் வந்து போன ஊர். ராமேஸ்வரத்திலிருந்து ரேடியோ செட் வரவழைத்துக் கட்டினார்களாம். அந்த ஒரு ரெக்கார்டையே தேயத் தேயப் போட்டார்களாம். "மாப்பிள்ளை முகத்தைக்கூட நான் அன்னைக்குப் பாக்கல. அந்தப் பாட்டுத்தான் காதுக்குள்ளேயே நின்னுச்சு" என்று அம்மாச்சி சொல்வார். ரெண்டே வருஷத்தில், 1964 டிசம்பர் புயலில், அந்த ஊரே போயிற்று. கல்யாணப் பாத்திரம் பண்டம் எதுவும் மிஞ்சவில்லை. அம்மாச்சிக்கு அந்தக் கல்யாணத்தில் மிச்சம் தாத்தாவும் இந்தப் பாட்டும்தான்.

இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இத்தனை கல்யாணத்துக்குப் பாடிய ஈஸ்வரி அம்மா, தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடும்பத்தைத் தன் குரலால் தூக்கி நிறுத்தினார். தங்கை எல்.ஆர்.அஞ்சலியும் பாடகியாகவே வந்தார்.

என் அம்மாவுக்கு ஈஸ்வரி அம்மாவை அறிமுகம் செய்துவைத்தது இலங்கை வானொலி. எங்கள் கடற்கரைக்குத் திருச்சி ஸ்டேஷனை விட இலங்கைதான் கிட்டத்தில். பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கணீரென்று கேட்கும். மயில்வாகனன், அப்துல் ஹமீத், கே.எஸ்.ராஜா என்று அறிவிப்பாளர்கள் பெயரெல்லாம் அம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி அத்துப்படி. ஒவ்வொரு பாட்டுக்கும் படம், இசை, எழுதியவர், பாடியவர் என்று அவர்கள் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். அதனால் எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் என் அம்மாவுக்கு, எந்தப் பாட்டு யார் பாடியது என்பதில் மட்டும் தப்பே வராது.

என் மாமியாருக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவர் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். வீட்டில் ரேடியோ கிடையாது. கோயிலில் குழாய் கட்டினால் பாட்டு, இல்லாவிட்டால் இல்லை. குழாயில் பாடுகிறவர் பெயரை யார் சொல்வார்கள்?

அம்மா கடலுக்குள் பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் பக்கத்துத் தோழிகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தீவுகள் பக்கம் வள்ளத்தில் போய், கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்கி வரவேண்டும். பொம்பளைகள்தான் செய்வார்கள். 1967-ல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் தூத்துக்குடிப் பேச்சில் முத்துக்குளிப்பதைப் பற்றி ஒரு பாட்டு வருமே, டி.எம்.எஸ். அய்யாவும் ஈஸ்வரி அம்மாவும் பாடியது, அதைத்தான் வள்ளத்தில் போகும்போது எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம். உண்மையான முத்துக்குளிப்பு 1961-லேயே நின்றுபோனது. பாட்டில் மட்டும் மிச்சமிருக்கிறது. "நம்ம பேச்சை ஒரு பாட்டுல வச்சு, நம்மளை மாதிரியே இழுத்துப் பாடுதே அந்தப் பொண்ணு!" என்று அம்மாவுக்குப் பெருமை. ஈரப் பாசியை மணலில் காயப் போடும்போதும் அம்மா வாய் சும்மா இருக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் கொஞ்சம் பாட வரும். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஆண்டு விழா. பாடுகிறவர்கள் பெயர் கொடுங்கள் என்றார்கள். அம்மாவிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு இலந்தைப்பழப் பாட்டுத்தான். ஒரு சின்னக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினேன். கைதட்டல் ஓய ரொம்ப நேரமானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தில் என் சித்தப்பா இருந்தார். மேடையை விட்டு இறங்கி வந்ததும், பந்தல் ஓரத்தில், எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. "குடும்பத்துப் பொண்ணு பாடுற பாட்டா இது?" கூடை உருண்டு போனது. அதிலிருந்த இலந்தைப்பழத்தைச் சின்னப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றார்கள். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டிலும் எனக்காக யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் ராத்திரி கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டார், ஒன்றும் சொல்லாமல். அதற்கப்புறம் நான் எங்கேயும் வாய் திறந்து பாடினதில்லை. என் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டினபோதுகூட வாய்க்குள்ளேயேதான்.

அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கூடைக்காரப் பெண் ஒருத்தி தெருவில் கூவிப் பழம் விற்கிறாள். விஜயநிர்மலா நடித்தது. 1968-ல் படம் வந்தபோது அந்தப் பாட்டுக்காகவே ஜனம் திரும்பத் திரும்பப் போனதாம். கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எடுத்த குடும்பப் படம் அது. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு, அதே பாட்டைத் தன் வீட்டுப் பிள்ளை பாடினால் அடிக்கிறார்கள். இது என்ன நியாயம் தோழிகளே?

ஈஸ்வரி அம்மாவுக்குச் சினிமாவில் நடந்ததும் இதே மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதாநாயகி அடக்கமாகப் பாடினால் பி.சுசீலா அம்மா. கிளப்பில் ஆடுகிறவள், வில்லனோடு கூத்தடிக்கிறவள், தோழி, பழக்காரி என்றால் "ஈஸ்வரியைக் கூப்பிடு." இந்திப் பக்கமும் இப்படித்தான் நடந்ததாம். லதா மங்கேஷ்கருக்கு நல்ல பெண் பாட்டு, அவர் தங்கை ஆஷா போன்ஸ்லேக்கு ஆட்டக்காரி பாட்டு. பாடுகிறவர் கேட்டு வாங்கினதா இது? கொடுத்ததைப் பாடினார்கள். ஆனால் கொடுத்ததை இந்த அம்மா எப்படிப் பாடினார் என்று பாருங்கள்! 'வல்லவன் ஒருவன்' படத்தில் வேதா இசையில் பளிங்கு மாளிகையைப் பற்றி ஒரு பாட்டு, 1966-ல் வந்தது, இன்றைக்குக் கேட்டாலும் புதிதாக இருக்கிறது. 1969-ல் 'சிவந்த மண்' படத்தில் சாட்டையடி வாங்கிக்கொண்டே ஆடுகிற காட்சி. அடி விழுகிற இடத்தில் வலியில் வருகிற சத்தத்தைக்கூட சுதி விலகாமல் கொடுத்திருக்கிறார். எம்.எஸ்.விசுவநாதன் அய்யாவுக்குச் சிரிப்பு, பெருமூச்சு, ஹம்மிங் எது வேண்டுமென்றாலும் ஈஸ்வரி அம்மா இருந்தார். சுசீலா அம்மாவோடு சேர்ந்து பாடிய 'பாத காணிக்கை', 'பச்சை விளக்கு' பாட்டுகளைக் கேளுங்கள். ரெண்டு குரலும் ரெண்டு அக்கா தங்கை மாதிரி போகும். எது உசத்தி எது தாழ்வு என்று சொல்ல முடியாது.

ஆட்டப் பாட்டுத்தான் வரும் என்று சொல்கிறவர்கள் 1972-ல் வந்த 'வெள்ளி விழா' படத்துப் பாட்டைக் கேட்க வேண்டும். வி.குமார் இசை. காதோரம் ரகசியம் சொல்கிற மாதிரி, தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்கிற மாதிரி ஒரு குரல். அது ஈஸ்வரி என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் நம்பமாட்டார்கள். என் பிள்ளைகளுக்கு நான் வாய்க்குள்ளேயே பாடினது அந்தப் பாட்டுத்தான். அந்த மாதிரிப் பாட்டு அவருக்கு இன்னும் நூறு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

1974-ல் பாலச்சந்தர் எடுத்த 'அவள் ஒரு தொடர்கதை' படத்திலும் பாடியிருக்கிறார். சம்பாதித்துப் போட்டுப் போட்டே ஒரு வீட்டைத் தாங்கும் பெண்ணின் கதை அது. அந்தப் படத்தில் பாட அவரை விடப் பொருத்தமானவர் யார்?

மற்ற மொழிகளிலும் நிறையப் பாடினார். கலைமாமணி விருதும் கிடைத்தது. எழுபதுகளின் கடைசியில் சினிமாவில் காற்று மாறியது. புது இசை, புதுக் குரல்கள். ஈஸ்வரி அம்மாவுக்கு வாய்ப்புக் குறைந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மறந்துபோயிருப்பார்கள். ஆனால் அவர் பாடி வைத்த அம்மன் பாட்டுகள் இருந்தனவே! குன்னக்குடி வைத்தியநாதன் அய்யா வயலினும் இசையும் சேர்ந்து அந்தப் பாட்டுகள் இசைத்தட்டாக வந்து, கேசட்டாகி, சி.டி.யாகி, இப்போது பென்டிரைவில் குழாய்க்குள் ஏறியிருக்கின்றன. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதம் எங்கள் ஊரில் விடிகாலை அஞ்சு மணிக்கு எந்த அம்மன் கோயிலில் குழாய் பாடினாலும் முதல் குரல் அவர் குரல்தான். கூழ் காய்ச்சும்போதும், தீ மிதிக்கும்போதும், முளைப்பாரி தூக்கும்போதும் அதுதான். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிற நம்ம கோயில்களிலும் அதேதான் என்று அங்கே வேலைக்குப் போன என் கொழுந்தன் சொல்கிறார். யோசித்துப் பார்த்தேன். கிளப்பில் ஆடுகிறவளுக்குப் பாடினாரே, அந்த அழுத்தமும் வேகமும்தானே அருள் வரவும் வைக்கிறது! மெல்லிசாகப் பாடியிருந்தால் சாமி வருமா?

எங்கள் தங்கச்சிமடத்தில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு எல்லாச் சாதி சனமும், எல்லா மதத்துக்காரர்களும் போவோம். அதனால் கிறிஸ்தவப் பெண் மாரியம்மனைப் பாடுவது எங்களுக்கு ஆச்சரியமாகத் தோன்றாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மாமியார் ஒப்புக்கொள்ளவே இல்லை. அடுத்த வீட்டு அக்கா வேதக்காரர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆமாங்கத்தை, எங்க வேதத்துப் பொண்ணுதான். மாதா பாட்டும் பாடியிருக்கு, கேக்குறீகளா?" என்று அந்த அக்கா தன் போனில் போட்டார். மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் என் மகள் அம்மன் பாட்டைப் போட்டாள். அதற்கப்புறம் இலந்தைப்பழம். மூன்றையும் கேட்டுவிட்டு மாமியார் எழுந்துபோய் ஆட்டுக்குத் தழை கட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் நான் பேசினேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்த அறையைப் பற்றி அவரிடம் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னேன். பழம் உருண்டதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "நீ பாடுவியா?" என்று மட்டும் கேட்டார். பதினேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிற மனுஷன்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மேடையில ஏறினா பேச்சு வரும்" என்றார்.

"வரட்டும். அந்த அம்மாவுக்கு வராத பேச்சா? எழுபது வயசுக்கு மேலயும் அது பாடுச்சே" என்றேன்.

உண்மைதான். 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் டி.ராஜேந்தரோடு சேர்ந்து ஒரு குத்துப் பாட்டுப் பாடினாரே, அப்போது அவருக்கு 72 வயது. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் யார் இந்தப் புதுப் பாடகி என்று கேட்டார்களாம்! 2020-ல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் மறுபடியும். அந்தப் பாட்டு அம்மனுக்கு ஆடியில் போடுகிற ஆட்டம். அம்மன் பாட்டும் அதுவே, குத்துப் பாட்டும் அதுவே. ரெண்டும் வேறு வேறு என்று பிரித்துவைத்த நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு எண்பது வயதில் அவர் சொன்ன பதில் மாதிரி எனக்குப் பட்டது.

வீட்டுக்காரர் ஒருவழியாகச் சம்மதித்தார். அதற்கும் நிபந்தனை! நானும் கூடப் போகவேண்டும், அவரும் வருவார், பத்து மணிக்குள் பாடி முடித்துவிட வேண்டும், பாவாடை தாவணி, படிப்பு கெடக்கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றோம். ஊரில் சித்தப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. "ஆத்தாளைப் போலப் புள்ள" என்றாராம். சொல்லட்டும்.

மாமியார்தான் ஒரு வாரம் என் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளும் பின்கட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டே இருந்தாள். முந்தாநாள் சாயங்காலம் நான் மீன் அலசிக்கொண்டிருக்கிறேன். இவள் பாடுகிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா நாக்கை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொடுத்த அந்த 'ழ' இருக்கிறதே, அதைச் சுத்தமாக உச்சரித்து, இலந்தைப் 'பழம்', 'பழம்' என்று நிறுத்தி நிதானமாகப் பாடுகிறாள். திண்ணையிலிருந்து ஒரு சத்தம்.

"ஏண்டி, பாடம் ஒப்பிக்கிறியா? பழமில்லைடி, பயம்! எலந்தபயம்! கூடைக்காரி அப்படித்தான் சொல்லுவா. ஈஸ்வரி அப்படித்தான் பாடியிருக்கும்."

நான் மீனை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். "அத்தை, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டூரிங் கொட்டகையில அந்தப் படம் ரெண்டு தடவை பாத்தேன். எங்கய்யாவுக்குத் தெரியாம" என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "எங்கே, முதல்ல இருந்து பாடு."

- ஒரு வாசகி, தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.